அட்டையில் இருக்கும் நடு ஆண்டு

இந்த நினைவு மலரின் முன்னட்டையில் அக்காவின் படத்துக்குக் கீழே மூன்று ஆண்டுகள் அச்சாகியிருக்கின்றன. முதலாவது அவர் பிறந்த ஆண்டு. கடைசியில் இருப்பது அவர் நம்மை விட்டுப் பிரிந்த ஆண்டு. நடுவில் ஒன்று தனியாக நிற்கிறதே, அது அச்சுப் பிழை அன்று. திருமண ஆண்டும் அன்று. மாதிரிப் படியைப் பார்த்த எங்கள் சித்தி, "கல்யாணம் ரொம்ப வருஷம் பொறவுதானே நடந்துச்சு, இது என்னா கணக்கு?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கணக்கை விளக்கத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். விளக்கி முடிப்பதற்குள் அக்காவின் வாழ்க்கையையும் சொல்லிவிடலாம். கொஞ்சம் நீளும். ஆயுள் முழுக்கத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவளுக்குச் சுருக்கமாகப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அச்சகத்தில் நடந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இம்மலரை அச்சடித்துக் கொடுத்த அண்ணன், அக்காவின் பெயரைக் கணினியில் தட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், பேருக்குப் பின்னால என்னா டிகிரி போடறது?"

"ஒன்னும் வேணாம்ணே."

"என்னா டீச்சர் நீங்க! வெளிநாட்டுல போய் படிச்சவங்க, அந்த யூனிவர்சிட்டி சங்கத்துக்கே தலைவரா இருந்தவங்க. சும்மா விட்டா பாக்கறவங்க என்னா நெனைப்பாங்க? டிப்ளோமா வாங்கினவங்களுக்கே நாங்க கொட்டை எழுத்துல போடறோம் லா."

நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தான், அக்காவின் கணவர், உட்கார்ந்திருந்தார். அவர்தான் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்பதைக் கட்டுரையின் முடிவில் வைத்துக்கொள்கிறேன்.

இம்மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் ஒரு பாதி எங்கள் உறவினர்கள். மறுபாதி, அக்கா படித்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கத்து நண்பர்கள். உறவினர்களுக்கு வீட்டில் இருந்த அக்காவைத் தெரியும். சங்கத்தில் அவர் என்ன செய்தார் என்பது சரியாகத் தெரியாது. "அந்த வெள்ளைக்கார யூனிவர்சிட்டி மீட்டிங்" என்பார்கள், அதோடு சரி. நண்பர்களுக்கோ சங்கத்து அக்காவை நன்றாகத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்தி அவர்களுக்குப் பல்லாண்டுகள் தெரியாமலே இருந்தது. அக்கா அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார், பட்டம் பெறவில்லை. இவ்வளவுதான் செய்தி. இதை வைத்துக்கொண்டு அவர் எத்தனை காலம் சங்கத்தின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஒரு மாலை அதிலிருந்து தாமாகவே எப்படி எழுந்தார் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அக்கா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தார். அப்பா ரயில்வே அலுவலகத்தில் கிளார்க். அக்காவுக்கு அடுத்து நான், என் பின்னால் தம்பி. அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஈப்போவிலிருந்தோ சிரம்பானிலிருந்தோ உறவுக்காரர் யார் ரயிலேறி வந்தாலும் பிளாட்பாரத்துக்கே போய் நிற்பார். வருகிறவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கள் வீட்டுக்கு வழி தெரியும். இருந்தாலும் போவார். "எறங்குறப்ப தெரிஞ்ச மூஞ்சி ஒன்னு எதுருல நிக்கணும்மா" என்பார். அக்கா அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே போவார். நான் போனதில்லை, எனக்கு ரயில் சத்தம் ஆகாது.

படிப்பில் அக்கா சூட்டிகை. ஓர் அறக்கட்டளையின் உதவியோடு ஸ்காட்லாந்தில் ஒரு குளிர் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்க இடம் கிடைத்தது. சுபாங் விமான நிலையத்துக்குக் குவார்ட்டர்ஸே திரண்டு வந்தது. மாலை, பொட்டு, அழுகை, புகைப்படம், ஒன்றிலும் குறையில்லை. அங்கே போய் இறங்கியபோதுதான் ஒருவரும் இல்லை. அழைத்துப் போக ஆள் வரும் என்று எழுதியிருந்தார்களாம். நாளை மாற்றிக் குறித்துக்கொண்டார்களோ என்னவோ, வரவில்லை. அந்த ரயில் நிலையத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த கதையை அக்கா எங்களுக்கு எப்போதும் வேடிக்கையாகத்தான் சொல்வார். "ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்ன பொண்ணு, ஒரு ஊறுகா பாட்டிலு. பாட்டிலு ஒடஞ்சிருச்சி. ஸ்வெட்டர் எல்லாம் மாங்கா வாசம். பக்கத்துல வந்த வெள்ளைக்காரன் எல்லாம் மூக்க மூக்க உறிஞ்சறான்." நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். அன்று அவர் எவ்வளவு நேரம் அங்கே இருந்தார், யார் அழைத்துப் போனார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. கதை அந்தச் சிரிப்போடு முடிந்துவிடும்.

கடைசி ஆண்டில், இறுதித் தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது, அப்பா அலுவலகத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். தந்தி கிடைத்து அக்கா வந்து சேர்ந்தபோது காரியங்கள் முடிந்திருந்தன. திரும்பிப் போகவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் குடும்பமே கிள்ளானுக்குப் போனது. நானும் தம்பியும் அவர் உழைப்பில் படித்தோம். பிறகு அத்தானைத் திருமணம் செய்துகொண்டார். பிள்ளைகள் இல்லை. "அதனால்தான் ஊரார் பிள்ளைகளையெல்லாம்..." என்று யாரும் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம். அந்தப் பேச்சு அக்காவுக்குக் கட்டோடு பிடிக்காது, எனக்கும்தான்.

எங்களுக்காகத் தம் படிப்பை விட்டவர் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்லுவோம். தம்பிக்குப் பதவி உயர்வு வரும்போதெல்லாம் கிள்ளானுக்கு வந்து அக்கா காலில் விழுவான். "உன்னாலதான் கா." அக்கா காலை இழுத்துக்கொள்வார். "சும்மா இருடா. எந்திரி, சோறு ஆறுது." அடக்கம் என்று நினைத்துக்கொள்வோம்.

இனி உறவினர்களுக்காகச் சங்கத்துக் கதை. அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு உலகெங்கும் நாட்டுக்கு நாடு கிளைகள் உண்டு. எல்லாம் சம்பளமில்லாத வேலை. நம் நாட்டுக் கிளை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில்தான் தொடங்கியது. அக்காவோடு ஒரே விடுதியில் இருந்த பினாங்கு டாக்டர் ஒருவர் அவரை எங்கேயோ பார்த்து, "வா, நம்ம ஆளுங்க கொஞ்ச பேரு சேர்றோம்" என்று கூப்பிட்டிருக்கிறார். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று ஒரு மேசை நிறைந்த கூட்டம். தலைவராக இருக்க ஒருவரும் முன்வரவில்லை. எல்லாரும் கையைக் கழுவப் போய்விட்டார்கள், அக்கா மட்டும் மேசையில் இருந்தார், தலைவராகிவிட்டார். பட்டம் உண்டா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு அது பெரிய சங்கமும் இல்லை.

அது பெரிதானது அக்காவால்தான். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போகிற மாணவர்களைக் கிள்ளான் வீட்டுக்கு அழைத்து இலை போட்டு அனுப்பும் விருந்து வைப்பார். படித்துத் திரும்பியவர்களும் வருவார்கள். அந்த விருந்தில் அவர் உறுதி செய்துகொள்வது ஒன்றே ஒன்று. இந்தப் பிள்ளை அங்கே போய் இறங்கும்போது எதிரில் நிற்கப்போகிறவர் யார்? அங்கே தங்கிவிட்ட பழைய மாணவர் யாராவது ஒருவர் ரயில் நிலையத்துக்கு வந்தாக வேண்டும். வழியில் துபாயில் ஒரு பெண் விமானத்தைத் தவறவிட்டபோது, துபாய் கிளைத் தலைவரை அவர் மகள் கல்யாண மண்டபத்திலிருந்து கிளப்பி விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். பட்டு வேட்டியோடு போனாராம் மனிதர். பல நாட்டுத் தலைவர்கள் கணினித் திரையில் கூடும் கூட்டம் நமக்குக் காலைப் பசியாறும் நேரத்தில் வரும். அக்கா கேமராவை அணைத்துவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். "உலகத் தலைவரே, முருங்கைக்கீரையில காம்பு நெறைய கெடக்கு" என்று நான் கிண்டல் செய்வேன். "ஏய் பாப்பா, கென்யா பேசுது, வாய மூடு" என்பார். அறுபது வயதைத் தாண்டியும் நான் அவருக்குப் பாப்பாதான்.

கோட்டு அலமாரியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நண்பர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். படித்துத் திரும்புகிறவர்கள் குளிர்கோட்டை அக்காவிடம் கொடுத்துவிடுவார்கள். அடுத்து போகிறவர் அதைப் போட்டுப் பார்த்து எடுத்துப் போவார். கிள்ளான் வெக்கையில் ஒரு வீட்டில் அலமாரி நிறையக் கம்பளிக் கோட்டுகள்! பூஞ்சை பிடிக்காமல் இருக்க வெயில் நாளில் அவற்றை வெளிக் கேட்டில் வரிசையாக மாட்டிவைப்பார். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு மலாய் அம்மா ரொஸ்னா மட்டும், மழை தூறினால் தம் வீட்டுத் துணியை விட்டுவிட்டு முதலில் எங்கள் கோட்டுகளை எடுத்து உள்ளே போடுவார்.

அட்டைக்கு வருகிறேன். ஆண்டு விருந்தில் எல்லாரும் நெஞ்சில் ஒரு பெயரட்டை குத்திக்கொள்வது வழக்கம். மற்ற நாட்டுக் கிளைகளில் பெயர், பட்டம், பட்டம் பெற்ற ஆண்டு என்று போடுவார்கள். கோலாலம்பூரில் மட்டும் பெயரும், அந்த ஊருக்கு முதன்முதலில் போய் இறங்கிய ஆண்டும்தான். அக்கா வைத்த முறை. "முடிச்சத கேட்டா பெரும பேசுவாங்க, போனத கேட்டா கத பேசுவாங்க" என்று காரணம் சொல்வார். அது உண்மைதான். ஒரே ஆண்டில் போன இரண்டு பேர் சந்தித்தால் முதல் பனியில் வழுக்கி விழுந்த கதையில் தொடங்கி இலை எடுக்கும் வரை பேசுவார்கள். அதில் அக்காவுக்கும் ஒரு மறைப்பு இருந்தது என்பதை வீட்டார் நாங்கள் உள்ளுக்குள் அறிவோம். யாரிடமும் அவர் பொய் சொன்னதில்லை. "நானும் அங்க படிச்சேன்" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்காதபடி அந்த ஊரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்.

இந்த இடத்தில் கவிதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்பக்கங்களை அவரிடம் படிக்கக் கொடுத்து, "போடுங்க டீச்சர்" என்று அவர் சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுத்தேன். கவிதா கம்போங் மேடான் அடுக்குமாடியிலிருந்து போனவர். அக்கா கையால் கோட்டு வாங்கிப் போனவர். இரண்டாம் ஆண்டுக் குளிரில், மத்தியானமே இருட்டிவிடும் அந்த நாட்களில், மனம் உடைந்துபோய்ப் படிப்பை முடிக்காமல் திரும்பிவிட்டார். அவருடைய அம்மா அக்கம்பக்கத்தில் "முடிச்சிட்டா" என்று சொல்லிவைத்துவிட்டார். அதனால் கவிதா யார் கண்ணிலும் படாமல் இருந்தார், அக்கா கண்ணிலும்தான். அக்கா விடுவாரா? பலகாரப் பையோடு போய் அந்த வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அத்தானும் நானும் கூட இருந்தோம்.

"ஆண்டு விருந்துக்கு வா" என்றார் அக்கா.

"வேணாம் ஆன்டி. எல்லாரும் என்னா முடிச்சேன்னு கேப்பாங்க."

"அங்க யாரும் கேக்க மாட்டாங்க. நீ எந்த வருஷம் போனன்னுதான் கேப்பாங்க. நான் கேரண்டி."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கவிதா வர ஒப்புக்கொண்டார்.

அந்த ஆண்டு விருந்துக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தே ஓர் அம்மையார் வருவதாக இருந்தது. உலகம் முழுவதும் இப்படித் தொண்டு செய்கிறவர்களில் அக்காவைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பிக்கப் போகிறார்கள் என்று செய்தி. சங்கமே புது மாப்பிள்ளை வீடு மாதிரி பரபரத்தது. செயலாளர் ராஜன் கையில் எல்லா வேலையும். ராஜன் பொறியாளர், எதையும் ஒழுங்காகச் செய்கிறவர், அக்காவைத் தம் தாயாக நினைத்தவர். தம்பி ராஜன், இதைப் படிக்கும்போது முகத்தைத் தொங்கப் போட வேண்டாம், உங்கள் மேல் எங்களில் ஒருவருக்கும் வருத்தம் இல்லை. இனிமேல் எல்லா நாட்டிலும் பெயரட்டை ஒரே மாதிரி இருக்க வேண்டும், பட்டமும் பட்டம் பெற்ற ஆண்டும் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த ஏற்பாட்டை ராஜன் அப்படியே செய்தார். அக்கா அந்த வாரம் சமையல் ஏற்பாட்டில் மூழ்கியிருந்ததால் அவரிடம் காட்டவில்லை. அட்டைகள் வந்தபோது அக்காவின் பெயருக்குக் கீழே காலியாக இருந்தது. கணினி விட்டுவிட்டது என்று நினைத்தார் ராஜன். அக்கா போன ஆண்டு அவருக்குத் தெரியும். அதோடு படிப்புக் காலத்தைக் கூட்டி, அறிவியல் பட்டம் என்று தாமே அழகாக அச்சடித்துவிட்டார். கூட்டலில் பிழையே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபம். வாசலில் மேசை போட்டு இரண்டு பெண்கள் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பூத்தட்டோடு பக்கத்தில் நின்றேன். அக்கா பட்டுச் சேலையில் வந்தார். ராஜன் ஓடிவந்து அவர் கையில் அட்டையைக் கொடுத்தார். அக்கா மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"இது யாரு போட்டது ராஜன்?"

"நாந்தான் ஆன்டி. காலியா வந்துச்சு, நானே ஃபில் பண்ணிட்டேன்." முகமெல்லாம் சிரிப்பு.

நான் எட்டிப் பார்த்தேன். சரியாக அந்த நேரம் பார்த்துக் கவிதா பச்சைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, மேசை முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, உங்க பேரு இதுல இல்லையே" என்று கவிதாவிடம் சொன்னது மேசைப் பெண். தப்பாக ஒன்றும் இல்லை, மரியாதையாகத்தான் கேட்டது. "நீங்க எந்த வருஷம் கிராஜுவேட் பண்ணீங்க?"

கவிதா அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன். "பரவால்ல, நான் சும்மாதான் வந்தேன்" என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

நான் அக்காவின் முழங்கையைப் பிடித்தேன். "அக்கா, பேசாம இரு. பொறவு வீட்டுக்குப் போய் பேசிக்கலாம். இன்னிக்கு ஒரு சாயந்தரந்தானே, அந்த அம்மா அவ்ளோ தூரத்துலேருந்து வந்திருக்கு." அப்படித்தான் சொன்னேன். இன்று அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் சொல்வேன். அவர் என் அக்கா. அவருக்கு மாலை விழும் நாளில் மண் விழக்கூடாது என்றுதான் எனக்கு இருந்தது.

"கவிதா, நில்லு" என்றார் அக்கா. அட்டையைத் திருப்பினார். என் கைப்பையில் கைவிட்டுப் பேனாவை எடுத்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் தாம் போன ஆண்டை எழுதிக் குத்திக்கொண்டார். மேசையிலிருந்து இன்னோர் அட்டையை எடுத்து அதன் பின்பக்கத்தில் கவிதா போன ஆண்டை எழுதினார். அவருக்கு எல்லார் போன ஆண்டும் மனப்பாடம். கவிதாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், நேரே மைக்கின் முன்னால் நின்றார்.

ஆங்கிலத்தில்தான் பேசினார், நடுநடுவே நம் தமிழும் வந்தது. எனக்கு அது இப்படித்தான் நினைவில் இருக்கிறது:

"சாப்பாடு ஆறிடும், சுருக்கமா சொல்லிடறேன். இந்த அட்டையில ஒரு டிகிரி போட்டிருக்கு. அது என்னோடது இல்ல. எனக்கு டிகிரியே இல்ல. கடைசி வருஷம் எங்கப்பா தவறிட்டாரு, வந்துட்டேன். தம்பி தங்கச்சிக்காக விட்டுக்குடுத்துட்டேன்னு எங்க வீட்டுல ஒரு கத ஓடுது. அதுவும் உண்ம இல்ல. எங்கம்மா போன்னுதான் சொன்னாங்க. யூனிவர்சிட்டியில எனக்கு எடம் வச்சிருந்தாங்க. நான்தான் போகல. என்கூட படிச்சவங்க எல்லாம் முடிச்சிட்டுக் கெளம்பிட்டாங்க. மறுபடியும் அந்த ஸ்டேஷன்ல பெட்டிய வச்சிக்கிட்டு யாரும் இல்லாம எறங்கணுமேன்னு நெனைச்சேன். பயந்துட்டேன். அவ்ளோதான். இங்க அட்டை இல்லாம திரும்பிப் போறவங்க இருந்தா, மொதல்ல நான்தான் போகணும். தலைவர் பதவிக்கு நான் சரியில்லன்னா சொல்லிடுங்க, நாளைக்கே ராஜன்கிட்ட குடுத்துடறேன்."

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள். ராஜன் தூணில் சாய்ந்துகொண்டு அழுதுவிட்டார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார், அவர் அதற்குப் பிறகு வரவும் இல்லை. பினாங்கு டாக்டர்தான் முதலில் தம் அட்டையைக் கழற்றித் திருப்பி, "பேனா இருக்கா?" என்று கேட்டார். பிறகு இன்னும் சிலர் கேட்டார்கள். எல்லாரும் இல்லை. வந்திருந்த அம்மையார் பரிசைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தடுமாறினார். பிறகு, இது செய்த வேலைக்கான பரிசு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். நல்லவேளை, அந்தக் கண்ணாடிப் பரிசில் பெயர் மட்டும்தான் பொறித்திருந்தார்கள். கவிதாவை அத்தான் தம் பக்கத்தில் உட்காரவைத்து, தம் இலையில் இருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தார். "சாப்பிடும்மா" என்றார். அன்று முழுவதும் அத்தான் பேசியது அது ஒன்றுதான்.

நானும் தம்பியும் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். காலமெல்லாம் எங்கள் தலையில் இருந்த மூட்டையை அக்கா இறக்கி வைத்துவிட்டார். எனக்கோ நிம்மதியை முந்திக்கொண்டு கோபம்தான் வந்தது. காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"இத ஏன் எங்ககிட்ட இத்தன வருஷமா சொல்லல? இவன் ஒவ்வொரு தடவையும் உன் கால்ல விழுந்தானே!"

"நீங்க எங்க கேட்டீங்க?" என்றார் அக்கா. "நீங்களா ஒரு கத கட்டி, அதுக்குப் பூ போட்டு, சூடம் காட்டிக்கிட்டு இருந்தீங்க. சும்மா இரு, சும்மா இருன்னு நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

தம்பி முன்சீட்டில் சிரிக்க ஆரம்பித்தான். பிறகு எனக்கும் அடக்க முடியவில்லை. கிள்ளான் வரும்வரை சிரித்தோம், நடுவில் கொஞ்சம் அழுதோம். அதற்கு முன்னால் அக்காவை நான் மதித்தேன். அன்றிலிருந்துதான் அவரைத் தெரியும் என்று சொல்ல முடிந்தது.

சில வாரங்களில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. தலைவர் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்பது விதி, மாற்ற முடியவில்லை, வருந்துகிறோம், ஆலோசகராக இருக்கலாம். ராஜன் சண்டைக்குப் போகத் தயாராகிவிட்டார். அக்கா விடவில்லை. "சட்டம்னா சட்டந்தான் லா. நாக்காலிய நீ வச்சிக்க. அலமாரி சாவி என்கிட்ட இருக்கட்டும்." ராஜன் தலைவரானதும் செய்த முதல் வேலை, பெயரட்டையைப் பழைய முறைக்கு மாற்றியதுதான். மற்ற நாடுகளில் இன்னும் பட்டம்தான் போடுகிறார்கள் என்று கேள்வி. கோலாலம்பூரில் போன ஆண்டு.

கவிதா திரும்பிப் போய்ப் படித்து முடித்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. ஷா ஆலமில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார், நன்றாக இருக்கிறார். அனுப்பும் விருந்தில் புதிதாகப் போகிறவர்களிடம், அங்கே மனசு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது, எப்படிக் கூப்பிடுவது என்று அவர்தான் உட்கார்ந்து பேசுவார். அலமாரி சாவி இப்போது அவரிடம் இருக்கிறது.

கடைசி இரண்டு ஆண்டுகள் அக்காவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் ஊசி, மறு கையில் கைப்பேசி. "ஆன்டி, கைய ஆட்டாதீங்க" என்று தாதியர் கெஞ்சுவார்கள். இறுதி வாரம் வீட்டிலேயே இருந்தார். அந்த வாரம் மூன்று பிள்ளைகள் புறப்பட்டுப் போயிருந்தார்கள். கண்விழிக்கும்போதெல்லாம் அத்தானிடம், "எறங்கிட்டாங்களா?" என்பார். ஒரு பிற்பகல் படம் வந்தது. அதே ரயில் நிலையம், கோட்டு போட்ட மூன்று பிள்ளைகள், நடுவில் அழைத்துப் போக வந்த நம்மவர் ஒருவர். அத்தான் கைப்பேசியை அக்காவின் கண்ணருகில் பிடித்தார். அக்கா நெடுநேரம் பார்த்தார். "அந்த மூனாவது புள்ளய கோட்டு பட்டன போடச் சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மறுநாள் எங்களை விட்டுப் போனார்.

அக்காவின் நோய்க்காலத்தில் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற உறவினர் அனைவருக்கும், தாதியர்க்கும், இறுதிக் காரியங்களை முன்நின்று நடத்திய ஐயருக்கும் பெரியவர்களுக்கும், அக்கா போன அன்று வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் ஜோடி சேர்த்து அடுக்கிவைத்த ரொஸ்னா அம்மாவுக்கும், ராஜனுக்கும் கவிதாவுக்கும், தத்தம் ஊரில் விளக்கேற்றிப் படம் அனுப்பிய பல நாட்டுக் கிளை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தார் கைகூப்பி நன்றி சொல்கிறோம். சமைத்தவர்களுக்கும் நன்றி. யாரும் சாப்பிடாமல் போகக்கூடாது. மிச்சம் இருந்தால் தப்பாவ் பண்ணி, பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள், அக்கா இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார்.

இனி அச்சகத்துக்குத் திரும்புகிறேன். டிகிரி என்ன போடுவது என்று அண்ணன் கேட்டு, நான் திரும்பிப் பார்த்தபோது, அத்தான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "அவ போன வருஷத்த போடுங்க" என்றார்.

"செத்த வருஷம் ஏற்கெனவே போட்டாச்சு அங்கிள்" என்றார் அண்ணன்.

"அது இல்ல தம்பி. படிக்கப் போனாளே, அது."

நடுவில் இருக்கும் ஆண்டு அதுதான். யாரும் எதிரில் நிற்காத ஓர் ஊரில் எங்கள் அக்கா தனியாகப் போய் இறங்கிய ஆண்டு.

இம்மலரை வாங்கிய மேசையில் வெள்ளை அட்டைகளும் பேனாவும் வைத்திருக்கிறோம். பல்கலைக்கழக நண்பர்கள் வழக்கம்போல் தாங்கள் போன ஆண்டை எழுதிக் குத்திக்கொள்ளுங்கள். உறவினர்களே, "நாங்க எங்க போனோம், எந்த வருஷத்த எழுதறது?" என்று கேட்காதீர்கள். அக்கா உங்கள் வாழ்க்கையில் வந்த ஆண்டை எழுதுங்கள். அத்தான் கல்யாண ஆண்டை எழுதி நேற்றே சட்டைப் பையில் வைத்துக்கொண்டுவிட்டார். எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. நான் இந்த உலகத்தில் வந்து இறங்கியபோது எதிரில் நின்ற முகங்களில் அக்காவின் முகமும் ஒன்று. நான் பிறந்த ஆண்டை எழுதிக்கொண்டேன்.

தங்கை
(பாப்பா)